சீட் கிடைக்குமா, சார்?



மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்து, "மாப்ள, இந்தத் தடவை நீ ஒரு கட்டுரை குடுத்தே ஆகணும். பழைய கதை ஏதாவது எழுதுடா, ஜாலியா இருக்கட்டும்" என்றான். மெஸ் சாம்பாரைப் பற்றியோ, ஃபிட்டிங் ஜாபை இரவோடிரவாக மாற்றி வைத்த வீர வரலாற்றைப் பற்றியோ எழுதிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. என்னிடம் வேறொரு வரலாறு இருக்கிறது. அதை எழுத வைத்தது ஒரு போன்கால்.

போன மே மாதம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். தெரியாத நம்பர். பேசியவர் ஒரு தகப்பனார்.

"சார், நீங்கதான் அந்தக் காலேஜ்ல படிச்ச... அந்தக் கால் கொஞ்சம்..."

"ஆமாங்க, போலியோ. தைரியமாச் சொல்லுங்க."

"பாப்பா ப்ளஸ் டூ முடிச்சிருக்கா சார். நடக்க முடியாது, வீல் சேர்தான். நல்ல மார்க். உங்க காலேஜ்ல சீட் கிடைக்குமா, சார்?"

"கிடைக்கும்" என்று சொன்னேன். எப்படிக் கிடைக்கும் என்று அரைமணி நேரம் விளக்கவும் செய்தேன். கட்-ஆஃப், சான்றிதழ், ஒதுக்கீடு, ரேங்க் எல்லாம் சொன்னேன். முடிக்கும்போது அந்தப் பெண் போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், "சீட் கிடைக்குமா?" என்ற கேள்விக்கு இருக்கும் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஒத்தக் காலில் நின்ற கதை

முதலில் என் கதை. நான் 1990-ல் பிறந்தவன். ஊர் தென்காசிப் பக்கம். ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்து இடது காலைக் கொண்டுபோனது. நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ முகாம் தொடங்கியது 1995-ல். நான் நாலு வருஷம் முந்திக்கொண்டேன்! இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று நமக்குச் சான்று கிடைத்தது. ஆக, நாங்கள் கடைசித் தலைமுறை. எத்தனையோ சங்கங்களுக்குப் புது உறுப்பினர் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் ஒருத்தரும் சேர வேண்டாம்.

பத்தாவது முடித்து முதல் குரூப் கேட்டுப் போனபோது, அந்தப் பள்ளியில் அன்போடுதான் சொன்னார்கள்: "லேப்ல ரெண்டு மணி நேரம் நிக்கணுமே தம்பி. காமர்ஸ் எடு. பேங்க்ல உக்காந்து பாக்குற வேலை கிடைக்கும்."

அப்பா டீக்கடைக்காரர். அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும், "அவன் ஒத்தக் கால்லயே நிப்பான் சார், குடுங்க" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எப்படியோ, குரூப் கிடைத்தது.

பிறகு மருத்துவச் சான்றிதழ். காலை அளந்து, மடக்கிப் பார்த்து, "60 சதவீதம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் நான் முதல் வகுப்பில் தேறிய முதல் சான்றிதழ் அதுதான்! அதிலும் பாஸ் மார்க் உண்டு. 40. அதற்குக் கீழே போனால் சலுகை இல்லை. இந்த 40-ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

2007 நமக்கெல்லாம் ஒரு முக்கியமான வருஷம். 1984-ல் கொண்டுவரப்பட்ட தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கி, ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்துச் சேர்க்கை நடந்த முதல் ஆண்டு. அதுவரை 300-க்குப் போட்ட கட்-ஆஃப் 200-க்கு இறங்கியது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. என்னுடையது 186.25.

1997-ல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் அப்போது கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. ராத்திரி பஸ் ஏறி அப்பாவும் நானும் போனோம். பொதுக் கவுன்சலிங்குக்கு முன்னாலேயே எங்கள் பிரிவுக்கு நடந்துவிடும். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த அம்மா, நான் மெக்கானிக்கல் என்றதும் என் காலிபரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கே?" என்றார். "அவன் சொல்றதையே போடுங்கம்மா" என்றார் அப்பா. போட்டார்கள். இன்று கோயம்புத்தூரில் பம்ப் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்ததால் கிடைத்த சீட் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் பலர் தட்டித் தட்டித் திறந்த கதவு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

கேள்வித்தாள் வாசிக்கத் தெரியாத கல்லூரி

ஹெலன் கெல்லரை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். கண்ணும் காதும் இல்லாதவர் கல்லூரி நுழைவுத் தேர்வை எப்படி எழுதினார் என்பதைப் பாடத்தில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கதை.

ஹார்வர்டோடு இணைந்திருந்த பெண்கள் கல்லூரி ராட்கிளிஃப். அதற்கான முதல்நிலைத் தேர்வை 1897 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை எழுதினார். பதினேழு வயது. பள்ளித் தலைவரே தனி அறையில் உட்கார்ந்து, கேள்விகளை அவர் கையில் விரல் எழுத்தால் சொன்னார். ஹெலன் டைப்ரைட்டரில் பதில் அடித்தார். தேறினார். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் சிறப்புத் தகுதி வேறு.

1899 ஜூனில் இறுதித் தேர்வு வந்தபோது விதிகள் இறுகிவிட்டன. அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் கேள்வித்தாளை வாசித்துச் சொல்லக் கூடாது என்றார்கள். முன்பின் பழக்கமில்லாத ஒருவர் தாளை அமெரிக்க பிரெயிலில் பெயர்த்துத் தருவார் என்று ஏற்பாடு. மொழிப் பாடங்களுக்கு அது சரி. அல்ஜீப்ராவுக்கு? ஹெலன் கற்றது ஆங்கிலேய பிரெயில் குறியீடு. அமெரிக்கக் குறியீட்டில் அடைப்புக்குறிகளும் வர்க்கமூலமும் வேறு மாதிரி. தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் இது தெரிந்தது. இரண்டு நாளில் புதிய குறியீட்டைக் கற்று, அறைக்குள் தடுமாறி, தேறினார். வடிவியலுக்கு அவர் வைத்திருந்த டிராயிங் போர்டு ஒரு குஷன். அதில் நேர்க்கம்பி, வளைகம்பி வைத்து உருவம் அமைப்பார். நாம் மினி டிராஃப்டரோடு பட்டபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்!

1900-ல் சேர்ந்து 1904-ல் பட்டம் பெற்றார். எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான். அல்ஜீப்ராவில் அவர் தடுமாறியது அல்ஜீப்ரா தெரியாததால் அல்ல. கேள்வித்தாள் அவருக்குத் தெரிந்த எழுத்தில் இல்லாததால். அன்று தேர்வறையில் உண்மையில் தோற்றிருக்க வேண்டியது தேர்வு நடத்தியவர்களின் ஏற்பாடு. தோற்றிருந்தால் பெயர் மட்டும் ஹெலனுடையதாக இருந்திருக்கும்.

தளம் தாங்காத மாணவர்

அடுத்தவர் என் சங்கத்துக்காரர். எட் ராபர்ட்ஸ், கலிபோர்னியா. 1953-ல், பதினாலு வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் போயிற்று. இரவில் மூச்சு விடவே 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உருளை வேண்டும். போலியோ தடுப்பூசி வெற்றி என்று அறிவிப்பு வந்தது 1955 ஏப்ரலில். அவருக்கும் இரண்டு வருஷம் முந்தல்!

பள்ளியிலேயே சண்டை தொடங்கியது. உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை, ஆகவே பட்டயம் தர முடியாது என்றார்கள். அம்மா விடவில்லை. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகம். படிப்புச் செலவை ஏற்க வேண்டிய மாநில மறுவாழ்வுத் துறை, இவருக்கு இருக்கும் ஊனத்துக்கு எந்த வேலையும் பார்க்க முடியாது, பணம் செலவழிப்பது வீண் என்று மறுத்தது. பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் இறங்கி வந்தது.

அடுத்தது விடுதி. அந்த இரும்பு நுரையீரலின் எடை சுமார் 360 கிலோ. சிவில் நண்பர்கள் கவனிக்க! எந்த விடுதியின் தளமும் தாங்காது என்று பதில் வந்தது. கடைசியில் வளாக மருத்துவமனையின் ஒரு அறையையே அவருக்கு விடுதியாக்கினார்கள். ஒருவருக்குத் திறந்த அந்த அறைக்குப் பின் மற்றவர்கள் வந்தார்கள். சில வருஷத்தில் அங்கே சக்கர நாற்காலி மாணவர்களின் ஒரு பட்டாளமே சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஊனமுற்றோர் உரிமை இயக்கம் வளர்ந்த இடங்களில் அது ஒன்று.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 1975. இவரால் வேலை பார்க்க முடியாது என்று எழுதிய அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக அவரையே ஆளுநர் நியமித்தார்!

அதே 1975-ல் நம் பக்கத்திலும் ஒரு கதை தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் இருக்கிறது ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவர். அந்த வருஷம் ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டுத் தண்டுவடம் பாதித்தது. ஊர் திரும்பியவர், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ. சட்டம் வருவதற்கு முன்னால், படிக்க வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். பொறியியல் மாணவராக இருந்தவர் என்பதில் நமக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

வேலைவாய்ப்பு அத்தியாயத்தில் ஒரு சீட்

இனி நம் நாட்டுச் சட்டம். போரடிக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

ஊனமுற்றோருக்கு சம வாய்ப்புச் சட்டத்தை 1995-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 1996 பிப்ரவரி 7. அதன் 39-ஆவது பிரிவு, அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 3 சதவீத இடம் என்றது. நான் 2007-ல் உட்கார்ந்தது இந்த 3 சதவீதத்தில்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பிரிவை அச்சடித்திருந்தது 'கல்வி' அத்தியாயத்தில் அல்ல, 'வேலைவாய்ப்பு' அத்தியாயத்தில்! இது மாணவர் சீட்டா, ஊழியர் பணியிடமா என்று வழக்கே நடந்தது. 2002-ல் உச்ச நீதிமன்றம் இது மாணவர் சேர்க்கைக்கான ஒதுக்கீடுதான் என்று தெளிவாக்கியது. தலைப்பு மாறி உட்கார்ந்த ஒரு வரியில் எத்தனை பிள்ளைகளின் வருஷம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2006 டிசம்பரில் ஐ.நா. சபை ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2016-ஆம் ஆண்டுச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அமல். பழைய சட்டத்தில் 7 வகை ஊனம், இதில் 21. உயர்கல்வியில் 3 சதவீதம் 5 ஆனது. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு என்று சட்டம் சொன்னது. 1899-ல் அந்த பிரெயில் குறியீட்டை மாற்றிக் கொடுக்காதது இன்றைய சட்டப்படி குற்றம் கல்லூரியினுடையது, மாணவியினுடையது அல்ல. இந்த ஒரு வாக்கியத்துக்கு வர நமக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது அந்த 40. கையால் எழுதுவதில் சிரமம் உள்ள விகாஸ் குமார் என்பவருக்கு, 40 சதவீதச் சான்று இல்லை என்பதால், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதச் சிரமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, 40 தொட்டதா என்பதல்ல என்றது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பு கேட்ட ஒரு மாணவரின் வழக்கு இன்னும் விசித்திரம். பேச்சில் குறைபாடு. 40-க்குக் குறைந்தால் ஒதுக்கீடு கிடையாது. 40-ஐத் தாண்டினால் படிக்கவே தகுதி கிடையாது! வாசலும் சுவரும் ஒரே இடத்தில். சதவீதத்தை மட்டும் பார்த்து விலக்கக் கூடாது, இந்த மாணவரால் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

நான் பத்தாவது முடித்தபோது என் காலைப் பார்த்தார்கள். என்னால் லேபில் நிற்க முடியுமா என்று ஒரு நாள் நிற்க வைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயம் முழுவதும் கேட்டுவிட்டு, "அதைத்தானே அன்னைக்கே சொன்னேன், எய்யா" என்றார்.

தம்பி தங்கைகளுக்குக் கணக்கு

இப்போது படிக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ இப்படி ஒருவர் இருந்தால், வாய்ப்பைக் கணக்கிடும் முறையைச் சொல்லுங்கள்.

முதலில் சான்றிதழ். அதைப் ப்ளஸ் டூ ரிசல்டுக்குப் பிறகு தேடி அலையக் கூடாது. யு.டி.ஐ.டி. அட்டையைப் பத்தாவதிலேயே வாங்கி வையுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒதுக்கீடு உண்டு. கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி ரேங்க் பட்டியல், பொதுக் கலந்தாய்வுக்கு முன்னதாகவே நடக்கும். அதில் பிடித்த இடம் கிடைக்காவிட்டாலும் பொதுவில் மார்க்கை வைத்துப் போட்டியிடத் தடையில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் பாருங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களிலும் 5 சதவீதம் உண்டு. எழுதச் சிரமம் இருந்தால் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேளுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிஷம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல். சலுகை என்று கூச்சப்பட வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதுகிறவரை நாம் சலுகை வாங்கினார் என்று சொல்வதில்லை.

முந்தைய வருஷக் கட்-ஆஃபை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பொதுப் பட்டியலின் கட்-ஆஃப் இந்தப் பட்டியலுக்குப் பொருந்தாது. உண்மையைச் சொன்னால், நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களில் பெரும்பகுதி கேட்க ஆளில்லாமலே போகிறது. சீட் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. எங்கே போனார்கள்? என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஐந்தாவதில் பஸ் ஏற முடியாமல் ஒருவன் நின்றிருப்பான். எட்டாவதில் கழிப்பறை இல்லாமல் ஒருத்தி நின்றிருப்பாள். ப்ளஸ் ஒன்னில் "லேப்ல நிக்கணுமே" என்ற அன்பான வார்த்தையில் ஒருவன் காமர்ஸுக்குப் போயிருப்பான். எல்லாருக்கும் அப்பா ஒத்தக்கால் வசனம் பேசுவதில்லை.

இவ்வளவையும்தான் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவளுடைய கட்-ஆஃப் என்னுடையதைவிட அதிகம். "தாராளமாக் கிடைக்கும்" என்று முடித்தேன். அப்போதுதான் அவள் போனை வாங்கினாள்.

44 படிகள்

"சார், ஃபர்ஸ்ட் இயர் டிராயிங் ஹால் எந்த மாடில இருக்கு?"

நண்பர்களே, உங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடி. 44 படி. நான் எண்ணியிருக்கிறேன், எனக்கு அது மனப்பாடம்.

சந்திப்புகளில் நாம் அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டே, முதல் வருஷம் முழுக்க என்னை மாடிக்குக் கொண்டுபோன கதை. ஒருத்தன் என் டிராயிங் போர்டு, ஒருத்தன் டிராஃப்டர், காலிபர் மக்கர் செய்த நாட்களில் ஒருத்தன் என்னையே முதுகில் போட்டுக்கொண்டு! "பல்லக்கு வருது, வழி விடுங்கடா" என்று முன்னால் ஒருத்தன் கத்திக்கொண்டு போவான். அந்தப் பல்லக்குத் தூக்கிகளில் ஒருவன்தான் இன்று மலர்க் குழுவில் இருந்துகொண்டு என்னிடம் ஜாலியான கட்டுரை கேட்டவன். அந்தக் கடனை நான் தீர்க்கவே முடியாது. தீர்க்கவும் ஆசையில்லை.

ஆனால் அந்தப் பெண் கேட்டபோது, பதினெட்டு வருஷமாக நட்பின் கதையாகச் சொல்லிவந்த இதே கதை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நான் படித்தது நீங்கள் நல்லவர்களாக இருந்ததால். நீங்கள் கொஞ்சம் சுமாரானவர்களாக இருந்திருந்தால், நான் கிராஃபிக்ஸில் அரியர் போட்டு ஊருக்குப் போயிருப்பேன். என் கட்-ஆஃப் கணக்கில் இந்த 44 படி எங்கேயும் இல்லை. அதிர்ஷ்டத்தை நான் தகுதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சரி, நான் பையன். முதுகில் ஏறிக்கொண்டேன். ஒரு பெண் பிள்ளை தினமும் யார் முதுகில் ஏறுவாள்? ஏன் ஏற வேண்டும்?

"ரெண்டாவது மாடிம்மா. லிஃப்ட் இன்னும் வரலை" என்றேன்.

"பரவாயில்ல சார், தேங்க்ஸ்" என்றாள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. பல இடங்களில் கேட்டுப் பழகிய பதிலைக் கேட்டவளின் குரல் அது. அவள் நம் கல்லூரியில் சேரவில்லை. ரேங்கில் நம்மைவிடக் கீழே உள்ள, தரைத்தளத்தில் வகுப்பும் லிஃப்ட்டும் இருக்கிற வேறொரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். சரியான கணக்குப் போட்டவள் அவள்தான். நான் போட்டது கட்-ஆஃபுக்கு மட்டும். அவள் போட்டது நாலு வருஷத்துக்கு.

2016 சட்டம், பொதுக் கட்டடங்களை எல்லாரும் புழங்கும்படி மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் தரவில்லை. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. நம் கல்லூரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது எனக்குச் சோறு போட்ட இடம். ஆனால் அங்கே படித்து இன்ஜினியர் ஆன நாம், ஒரு மாடிப்படிக்கு இத்தனை வருஷமாகத் தீர்வு சொல்லவில்லை என்றால், குறை நம்முடையதும்தான்.

லிஃப்டுக்குப் பணம் வேண்டும், கொட்டேஷன் வேண்டும், அனுமதி வேண்டும். அது வரட்டும். நான் இந்தச் சந்திப்பில் கேட்க நினைப்பது அதைவிடச் சின்ன விஷயங்கள். ஒன்று, முதலாண்டு டிராயிங் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. இதற்குச் செலவு ஒரு டைம்டேபிள் தாள். இரண்டு, மெயின் பிளாக் வாசலில் ஒரு சாய்தளம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. நம் வாசல் மூன்றடி உயரம், ஆகவே 36 அடி நீளமும் நடுவே ஒரு சமதளமும். சிவில் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரைந்துவிடுவீர்கள். மூன்று, இரண்டு விடுதிகளிலும் தரைத்தளத்தில் ஒரு அறையும், சக்கர நாற்காலி நுழையும்படி 900 மில்லிமீட்டர் அகலக் கதவோடு ஒரு கழிப்பறையும். சங்கத்தின் நிதியில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்ற யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் நுழைய முடியாதவர்களுக்கு அது வெறும் வளைவு.

கதவு ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தட்டித்தான் திறந்திருக்கிறது. ராட்கிளிஃபில் ஒரு பெண், பெர்க்லியில் ஒருவர், உச்ச நீதிமன்றத்தில் பெயர் தெரியாத பலர், பள்ளி வாசலில் ஒரு டீக்கடைக்காரர். இந்த முறையாவது, தட்டும் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே நாம் திறந்து வைப்போமே.

அடுத்த மே மாதமும் ரிசல்ட் வரும். யாராவது ஒரு தகப்பனார் எனக்குப் போன் செய்து, "சீட் கிடைக்குமா, சார்?" என்று கேட்பார். போனை வாங்கி அவர் மகளோ மகனோ, "டிராயிங் ஹால் எந்த மாடி?" என்று கேட்டால், "கீழேதாம்மா, வா" என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

சந்திப்பில் பார்ப்போம். பல்லக்குத் தூக்கிகள் தவறாமல் ஆஜராக வேண்டும். இந்த முறை போர்டைத் தூக்க அல்ல, டேப் பிடித்து அளக்க!

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!